கட்டு பிரிக்கிற வரைக்கும்

கழுத்தில் தாலி ஏறின கையோடு அதை இழுத்துப் பார்த்த கல்யாணப் பெண் என்றால், எனக்குத் தெரிந்து எங்கள் அண்ணி ஒருத்திதான்.

நாராயணவனம் கோயிலில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவான், மற்ற இரண்டையும் அவன் கூடப் பிறந்தவள் போட வேண்டும். நானும் புதுப் புடவை கட்டிக்கொண்டு பெரிய மனுஷியாய்ப் பின்னால் நின்று முடிச்சுப் போட்டேன். போட்டுவிட்டுக் கையை எடுக்கக்கூட இல்லை, குனிந்த தலை நிமிராமல் அந்தப் பெண் தன் கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்க் கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தாள். மேளக்காரர் பார்த்துவிட்டார். ஐயர் பார்த்துவிட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"இன்னா பண்றே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. கெட்டியாத்தான் கீது," என்றாள்.

அதுதான் அவள் என்னிடம் பேசின முதல் வார்த்தை. வந்து வாய்த்திருக்கிறது பார் நமக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகு தெரிந்தது, இது தாலிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று. கிணற்றுக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாளியை விடுவாள். கொடிக்கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் துணி உலர்த்துவாள். பஸ்ஸில் ஏறினால் உட்காருவதற்கு முன்னால் முன் சீட்டுக் கம்பியை ஒரு இழுப்பு. நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்து வைத்தால், போட்டுக்கொள்வதற்கு முன்னால் அதையும் இழுத்து, பாதியை அறுத்துக் கையில் கொடுப்பாள். "வெளிய போற எடத்துல அறுந்துதுன்னா இன்னா பண்ணுவே பாப்பா? வூட்லயே அறுந்துது, நல்லதாப் போச்சி," என்பாள். வாயில் எப்போதும் ஒரே கேள்விதான்: "இழுத்துப் பாத்தியா?"

அம்மாவும் நைனாவும் போனபிறகு வீட்டில் நானும் அண்ணனும்தான். அண்ணன் மெட்ராஸில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு வந்து புத்தூர் ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் கடை வைத்திருந்தான். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு துணித் திரை. ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம் ஆகியும் எங்கள் பக்கத்துக்கு எல்லை எது என்பது முடியாத வழக்காகவே இழுத்துக்கொண்டிருந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகிறது, சத்தியவேடு ஆந்திராப் பக்கம் வருகிறது, புத்தூர் என்ன ஆகும் என்று ஆளுக்கு ஒரு பேச்சு. அதனால் ரேடியோவுக்கு அப்படி ஒரு மவுசு. ஊருக்கு ஒரு பஞ்சாயத்து ரேடியோ, அது ஊமையாகிவிட்டால் மறுநாளே வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணனிடம் வந்துவிடுவார்கள்.

அப்படி நகரிப் பக்கத்தில் ஒரு ஊருக்கு ஏரியல் கட்டப் போனவன், கூரைமேலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். எந்தெந்தச் சீமையிலிருந்தோ கை கால் முறிந்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு எலும்பு வைத்தியரைத் தேடி வருகிற ஊர் எங்களுடையது. உள்ளூர்க்காரனுக்கு என்ன குறை? எலும்பை இழுத்துச் சேர்த்து, பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றி அனுப்பிவிட்டார்கள். கையை அசைக்கக் கூடாது என்று உத்தரவு.

கஷ்டம் என்னவென்றால், அப்போதுதான் திருப்பதியில் ஒரு பெரிய ரேடியோக் கடைக்காரர் அண்ணனிடம் அரை டஜன் புரோப் கேட்டிருந்தார். புரோப் என்றால் வேறொன்றுமில்லை, பேனா மாதிரி ஒரு குழாய், முனையில் ஊசி, வாலில் நீளமாக ஒரு கேபிள். கெட்டுப்போன ரேடியோவுக்குள் அந்த ஊசியை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே போனால், சத்தம் எதுவரைக்கும் வருகிறது, எங்கே செத்துப்போகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். கம்பெனிச் சாமான் வாங்க வசதியில்லாமல் அண்ணன் தனக்கென்று கையால் ஒன்று செய்து வைத்திருந்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கேட்டார். இவனும் பெரிய வாயாக ஒத்துக்கொண்டான். இப்போது கையை மார்போடு தொட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"கம்பி கீது, ஊசி கீது, அடுப்புல கரி கீது," என்றாள் அண்ணி. "கை எங்கிட்ட கீது. வாய் உங்ககிட்ட கீது. சொல்லுங்க, நான் செய்றேன்."

அண்ணன் சிரித்தான். வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினான். "சரி போ. கட்டு பிரிக்கிற வரைக்கும்," என்றான்.

அன்றைக்கு அண்ணி திரையைத் தாண்டி முன்பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் பின்பக்கம் அடுப்பில் போய் விழுந்தேன். எனக்கும் சமையலுக்கும் ஏழாம் பொருத்தம். நான் வைத்த குழம்பை இடது கையில் ஸ்பூன் பிடித்து ஒரு வாய் வைத்துவிட்டு அண்ணன் சொன்னான்: "பாப்பா, எனக்கு ஒடஞ்சது கைதான். நாக்கு இல்ல." கட்டு பிரிக்கிற நாளை அந்த வீட்டில் அண்ணனைவிட அதிகமாக எதிர்பார்த்தவள் நான்தான்.

அந்தக் கேபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளத்தார் கழித்துப்போட்டதை மெட்ராஸில் பழைய சாமான் கடையில் அண்ணன் சுருளாக வாங்கி வந்திருந்தான். மேலே கறுப்பு ரப்பர்த் தோல். அதற்குள் செம்பு இழைகளால் பின்னின வலை. அதற்குள் மெழுகுக் குச்சி மாதிரி வெள்ளையாக ஒரு உறை. நட்டநடுவில் ஒற்றைக் கம்பி. வெறும் கம்பியாக இருந்தால் சுற்றுப்பட்டிலிருக்கும் மின்சாரத்தின் உறுமலையெல்லாம் வாரிக்கொண்டு வருமாம். மேலே வலை போர்த்தியிருந்தால் அதை வெளியிலேயே நிறுத்திவிடுமாம். கோ-ஆக்ஸியல் கேபிள் என்று அண்ணன் வாய் நிறையச் சொல்லுவான். அண்ணி அதற்குப் 'போர்வைக் கம்பி' என்று பெயர் வைத்துவிட்டாள். பிறகு அண்ணனுக்கே அந்தப் பெயர்தான் வாயில் வந்தது.

அந்தப் போர்வையை விலக்குவதில்தான் சூட்சுமமெல்லாம். பாதி பிளேடைக் கறுப்புத் தோலின்மேல் வைத்துக் கேபிளை உருட்டுவாள். பிளேடை இழுத்து அறுக்கவே மாட்டாள். ஆழம் ஒரு நூல் அதிகமாய்ப் போனால் செம்பு வலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டால் அந்தத் துண்டு முழுசும் கழிசல். தோலைக் கழற்றினபிறகு கொண்டை ஊசியை எடுத்து, சிக்குப் பிடித்த தலையைக் கோதுகிற மாதிரி அந்த வலையை இழை இழையாகப் பிரித்து, ஒரு பக்கமாக ஒதுக்கி முறுக்குவாள். அப்புறம் வெள்ளை உறை. அப்புறம் நடுக்கம்பி. பிளக்கின் பித்தளை வாய்க்குள் அதை நுழைத்து, கரி அடுப்பில் காய்ந்த செம்பு முனையால் ஈயம் வைக்க வேண்டும். சூடு போதவில்லையென்றால் ஈயம் ஒட்டாது. ஒரு நிமிஷம் அதிகமானால் உள்ளே வெள்ளை உறை உருகி, நடுக்கம்பி நகர்ந்து போய் வலையைத் தொட்டுக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, பிள்ளைப்பூச்சி மாதிரி இருக்கும். ஒரே ஒரு செம்பு இழை தப்பிப்போய் நடுக்கம்பிமேல் சாய்ந்தாலும் போச்சு, புரோப் ஊமை.

"மூச்சு உடாத பாப்பா, இழை பறக்குது," என்று என்னை அதட்டுவாள். காப்பி கொடுக்கப் போன பாவத்துக்கு நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஈயம் ஆறினதும் பிளக்கை ஒரு கையிலும் கேபிளை ஒரு கையிலும் பிடித்து ஒரு இழு. வந்துவிட்டால் முகத்தில் வருத்தமே இருக்காது, மறுபடியும் முதலிலிருந்து. வராவிட்டால் எழுந்து நின்று இன்னொரு இழு.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணிக்கொண்டே இருப்பான். "போதும்மே, நீ இழுக்கிற இழுப்புல நல்லா கீறதும் அறுந்துடும்."

"உங்க கையை வைத்தியரு இழுக்கலியா? இழுத்துத்தானே கட்டினாரு," என்பாள் அண்ணி.

இந்த இழுக்கிற புத்தி என்னையும் விடவில்லை. அந்தச் சமயத்தில்தான் கார்வேட்டி நகரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு அப்பா அம்மா இல்லாததால் அண்ணிதான் எல்லாம் பார்த்தாள். மாப்பிள்ளைக்குக் காப்பியையும் அவளே கொண்டுபோய் நீட்டினாள். அவர் டம்ளரைப் பிடித்தார். அண்ணி விடவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். இவள் சிரித்த முகமாக டம்ளரைப் பிடித்தபடியே நிற்கிறாள். கூட வந்தவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். திரைக்குப் பின்னால் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த மனுஷர் பிடுங்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. டம்ளரைப் பிடித்தபடி, "சூடா இருக்குதுங்க, நீங்க விட்டாலும் சரி, பிடிச்சிக்கினு இருந்தாலும் சரி," என்றார். அண்ணி விட்டாள்.

உள்ளே வந்து என் காதில், "ஒத்துக்க பாப்பா. இழுக்கல, கையும் விடல," என்றாள். அப்போது அவளைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. அவரோடு நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணினேன். சண்டை வராத நாள் குறைவு. கையை விடாத மனுஷர் என்பது மட்டும் சத்தியம்.

சரி, புரோப் கதைக்கு வருகிறேன்.

அண்ணன் செய்துவைத்திருந்த பழைய புரோப் அடிக்கடி ஒரே இடத்தில்தான் அறுந்துபோகும். பேனாக் குழாய்க்குள் கேபிள் நுழைகிற கழுத்தில். மடக்கி மடக்கி அந்த இடத்தில் உள்ளே கம்பி முறிந்துவிடும். அண்ணி அந்தக் கழுத்தையும் அண்ணன் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி வந்தாள். விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, கழுத்தைச் சுற்றிப் பத்தை வைத்து, நூலால் நெருக்கிச் சுற்றினாள். அசல் எலும்புக்குப் போடுகிற கட்டு. அதோடு விட்டாளா? அண்ணனுக்குக் கட்டு மாற்றுகிற அன்றைக்குக் கூடப் போய், அவர்களிடமே ஒரு உருண்டை பச்சிலை மருந்து கேட்டிருக்கிறாள்.

"யாருக்கும்மா அடி?" என்று கேட்டாராம் வைத்தியர்.

"கம்பிக்குங்க," என்றாளாம்.

முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்து மருந்தைத் தடவி, மேலே துணி சுற்றி, வெயிலில் உலர்த்தினாள். கல்லாக இறுகிப்போனது. ஆறு புரோப்பையும் இழுத்தாள். ஒன்றும் அசையவில்லை. நான் இழுத்தேன். அண்ணன் இடது கையால் இழுத்தான். "பரவால்லியே," என்றான். அன்றைக்கு அண்ணி பாயசம் வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் வாய்க்கு ருசியாக ஒன்று. அந்த வாரமே ஆறும் திருப்பதிக்குப் போயின.

அடுத்த வாரம் ஆறும் திரும்பி வந்தன. கடைக்காரரே கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார். "ஏந்தய்யா இதி? அன்னீ மூகபோயினாயி!" என்றார். எல்லாம் ஊமையாகிவிட்டதாம். முதல் இரண்டு நாள் சத்தம் வந்ததாம், பிறகு கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி அமுங்கி, அமுங்கி, அதுவும் நின்றுபோனதாம்.

அண்ணன் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தான். மருந்தின் ஈரம் செம்பு வலை வழியாக உள்ளே இறங்கியிருந்தது. வலை முழுக்கப் பாசி பிடித்தாற்போலப் பச்சை பூத்திருந்தது. கம்பிக்கும் வலைக்கும் நடுவில் இருக்க வேண்டிய மறைப்பு போய், உள்ளே போகிற சத்தமெல்லாம் அந்த ஈரத்தில் கசிந்து ஓடியிருக்கிறது. அண்ணன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தான். கடைக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரையும் நிறுத்தி, "எங்க வூட்ல கம்பிக்குப் பச்சிலை வச்சிக் கட்றோம், பத்தியம் கூட கீது," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அண்ணி மத்தியானம் சாப்பிட வரவில்லை. பின்னால் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இழுத்தா வராததெல்லாம் நல்லதுன்னே நெனச்சிக்கினு இருந்தேன் பாப்பா," என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதே என்னை அடுப்பில் வறுக்கத்தான் என்று கறுவிக்கொண்டிருந்தவள், அந்த நேரத்தில் போய் அண்ணன் வாயை அடைத்துவிட்டு வரலாமா என்று நினைத்தேன்.

சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கட்டு சரிதான். மருந்துதான் தப்பு," என்று எழுந்துவிட்டாள்.

முன்பக்கம் போனால் அண்ணன் கேபிள் சுருளைப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டிருந்தான். "போதும்மே. கை சரியாவட்டும், நானே செஞ்சிக்கறேன். நீ போய் சோத்தைப் பாரு. பாப்பா கையால துன்னு துன்னு எனக்கு எலும்பு கூடமாட்டேங்குது."

"கட்டு பிரிக்கிற வரைக்கும்னு சொன்னீங்க," என்றாள் அண்ணி. "இன்னும் பிரிக்கல."

கடைக்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அவர் முன்னால் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவான்? பெட்டியைத் திறந்துவிட்டான்.

இந்த முறை ஈர்க்கும் நூலும் மட்டும்தான். மேலே அரக்கையும் தேன்மெழுகையும் சேர்த்து உருக்கிப் பூசினாள். சொட்டுத் தண்ணீர் சேராது. இழுத்துப் பார்ப்பதோடு நிற்கவும் இல்லை. கம்பியில் மின்சாரம் ஓடுகிறதா என்று காட்டுகிற மீட்டரைப் பிடிக்க அண்ணனிடம் கற்றுக்கொண்டாள். நுனிக்கு நுனி முள் ஆட வேண்டும், நடுக்கம்பிக்கும் வலைக்கும் வைத்தால் ஆடக் கூடாது. கேபிளை என் கையில் கொடுத்து, "ஆட்டு, மடக்கு, முறுக்கு," என்பாள். நான் சாமி வந்தவள் மாதிரி ஆட்டுவேன். அவள் கண் இமைக்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு புரோப்பையும் ஒரு ராத்திரி ஈரத் துணியில் சுற்றி வைத்து, காலையில் மறுபடியும் மீட்டர்.

அதற்குப் பிறகு அவள் கேள்வியும் கொஞ்சம் மாறியது. இழுத்துப் பாத்தியா என்பதோடு, "எங்கேருந்து வருது, பாத்தியா?" என்றும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் வேர்க்கடலை மண்டிக்காரர் பதறிக்கொண்டு கடைக்குள் வந்தார். எல்லை முடிவாகிவிட்டதாம். புத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் மெட்ராஸாம், தண்டவாளத்துக்கு அந்தாண்டை ஆந்திராவாம். அவர் வீடு இந்தப் பக்கம், மண்டி அந்தப் பக்கம். "நான் தெனமும் ராஜ்யம் உட்டு ராஜ்யம் போயிதான் கடலை விக்கணுமாம்மா?" என்று அழாத குறை.

"ரேடியோவுல சொன்னாங்களா?" என்றாள் அண்ணி.

"இல்ல. சவரக் கடையில சொன்னாங்க."

அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், நானும் கூடப் போனேன். சவரக் கடைக்காரர் டீக்கடையைக் கைகாட்டினார். டீக்கடைக்காரர் பூக்காரம்மாவைக் காட்டினார். பூக்காரம்மா எங்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னாம்மா, தெரியாத மாதிரி கேக்கறே? உன் வூட்டுக்காருதானே நேத்து சொன்னாரு!" கையில் வேலை இல்லாத அண்ணன் பொழுது போகாமல் யாரிடமோ விளையாட்டுக்குச் சொன்னது, ஊரைச் சுற்றிப் பெரிதாகி எங்கள் கடைக்கே திரும்பி வந்திருக்கிறது. அண்ணி வீட்டுக்கு வந்து ஒன்றும் திட்டவில்லை. புரோப் ஊசியை எடுத்து அண்ணன் வாய்க்கு நேராக நீட்டி, "தோ, இங்கதான் கோளாறு," என்றாள். மண்டிக்காரர் சிரித்ததில் எங்கள் ஸ்டூல் ஒன்று கால் ஒடிந்தது.

ஆறு புரோப்பும் தயாரானதும் மூன்று பேரும் ரேணிகுண்டாவில் வண்டி மாறித் திருப்பதிக்குப் போனோம். கடைக்காரர் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். சத்தம் கணீரென்று வந்தது. கழுத்துக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். மடக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது. அண்ணன் கையிலிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "எவரு சேசினாரு?" என்று கேட்டார். யார் செய்தது என்று கேட்கிறார்.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "நான்தான் சார். நான் சொல்லச் சொல்ல வீட்ல சும்மா கட்டினாங்க," என்றான்.

திரும்பி வருகிறபோது ரயிலில் அண்ணன் ஜன்னலோரம் தூங்கிவிட்டான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இன்னா அண்ணி, கம்முனு வந்துட்டே?" என்றேன்.

"எனக்கு வவுறு எரியுது பாப்பா," என்றாள். மறைக்கவே இல்லை. "அவரு பேரை எடுத்துக்கினு போவட்டும். அத்த பத்தி கூட இல்ல. கட்டு பிரிச்சிட்டா நான் எழுந்துக்கணுமே. அந்த ஸ்டூல்ல ஒக்காந்தா பொழுது போறதே தெரியல எனக்கு. கல்யாணமாகி வந்ததுலேருந்து இப்டி ஒரு நாள் கூட இருந்ததில்ல. அத்த நெனச்சாத்தான் எரியுது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டு பிரிக்கக் கூடாதே என்று அன்றைக்கு ஏழுமலையானை வேண்டிக்கொண்டேன். சொந்த அண்ணனுக்கு இப்படி வேண்டிக்கொண்ட தங்கச்சி நான்தான் இருப்பேன்.

ஏழுமலையான் கேட்கவில்லை. கட்டு பிரித்தார்கள். எலும்பு அழகாகக் கூடியிருந்தது. விரலை மடக்கினான், நீட்டினான், மணிக்கட்டைச் சுழற்றினான். வலியே இல்லை என்று குழந்தை மாதிரிக் குதித்தான்.

மறுநாள் காலையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தான். அண்ணி கொண்டை ஊசியை மேசையிலிருந்து எடுத்துத் தலையில் செருகிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள், அடுப்பைப் பற்ற வைத்தாள். எனக்கு விடுதலை. சந்தோஷம்தான் வரவில்லை. அண்ணன் கேபிளை எடுத்து உரித்தான், பிளக்கை மாட்டினான், ஈயம் வைத்தான். மட்டமாகச் செய்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நன்றாகவே செய்தான்.

அந்த வாரக் கடைசியில் திருப்பதிக் கடைக்காரர் வந்தார். அவருடைய மெக்கானிக்குகள் எல்லாருக்கும் வேண்டுமாம். தெரிந்த கடைகளிலும் கேட்கிறார்களாம். ஒரு பெட்டி நிறைய வேண்டும் என்றார். அண்ணன் பெருமையாகத் தான் செய்துவைத்திருந்த புதுப் புரோப்பை எடுத்து நீட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார். "பாகானே உந்தி. நல்லாத்தான் இருக்கு," என்றார். பெட்டியில் வைக்கப் போனார்.

அண்ணன் சரி என்று ஆர்டரை வாங்கிக்கொண்டிருந்தால் கதை அதோடு முடிந்தது. நான் திரை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் அண்ணி ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன் அவர் கையிலிருந்து புரோப்பை வாங்கி மேசைமேல் வைத்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "சார், அன்னிக்கி நான் சொன்னது பொய்," என்றான். "அந்த ஆறும் என் வீட்டுக்காரி செஞ்சது. நான் செஞ்சதும் வேலை செய்யும். ஆனா அவளுது நாள்பட ஒழைக்கும். உங்களுக்கு அவதான் செய்யணும்."

கடைக்காரர் சிரித்தார். "தெரியும்யா. கட்டுப் போட்ட கையால எவன்யா ஈயம் வைப்பான்?" என்றார்.

அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்தான். "மே, இங்க வா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். அண்ணி திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். கையெல்லாம் அரிசி களைந்த ஈரம். நெற்றியில் கரி.

"ஒக்காரு."

அண்ணி உட்காரவில்லை. ஸ்டூலைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"எது வரைக்கும்?" என்றாள்.

வெளியாள் முன்னால், அத்தனை நிதானமாக. அண்ணன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினான். "வரைக்கும் கிரைக்கும்லாம் ஒண்ணும் இல்ல. ஒக்காரும்மே," என்றான்.

"அடுப்புல சோறு கீது."

"எனக்குத்தான் கை சரியாப் போச்சே," என்று சொல்லிவிட்டு, அண்ணன் திரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.